கடலோரத் தடத்தையும் காட்டுத் தடத்தையும் ஒரே நாளில் நடக்க எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அடுத்த வாரம் நானும் என் அக்காவும் ஒரு கடற்கரைச் சுற்றுலா நகரில் மூன்று நாட்கள் தங்கப் போகிறோம். அவற்றில் ஒரு நாளை முழுவதும் நடைப்பயணத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம். நகரிலிருந்து கடலோரமாகச் செல்லும் தடத்தில் முதல் மூன்று கிலோமீட்டர் மணல். அடுத்து கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு நிலமுனையின் அடிவாரத்தைச் சுற்றி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பாறை. பிறகு கடலோரமாகச் செங்குத்தாக நிற்கும் பாறைச் சுவரான ஓங்கலின் மேலேறி நான்கு கிலோமீட்டர் விளிம்புப் பாதை. அது முடியும் இடத்தில் காட்டுத் தடம் தொடங்குகிறது. நகருக்குப் பின்னால் உள்ள குன்றில் 420 மீட்டர் ஏறி இறங்கி, ஏழு கிலோமீட்டரில் நகரை வந்தடைகிறது. ஆக மொத்தம் 15 கிலோமீட்டர்.

காலையின் குளிர்ச்சியில் காட்டை முடித்துவிட்டு, சூரியன் மறையும் நேரத்தில் கடலோரமாகத் திரும்பி வரலாம் என்று எண்ணியிருக்கிறேன். அக்காவுக்கு வயது 58. நன்றாக நடப்பார், ஆனால் இறக்கத்தில் முழங்கால் வலிக்கும். இந்தத் திட்டம் சரிதானா, எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

முதல் பதில்

வணக்கம். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பதை வெயிலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கடல் நீர் ஏறி இறங்கும் நேரங்களைக் காட்டும் அன்றைய ஓத அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். உங்கள் தடத்தில் பதினான்கு கிலோமீட்டரை எந்த நேரத்திலும் நடக்கலாம். நிலமுனையின் அடிவாரத்தில் உள்ள அந்த ஒரு கிலோமீட்டரை மட்டும் கடல் அனுமதிக்கும் நேரத்தில்தான் கடக்க முடியும். அந்த நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, மற்ற அனைத்தையும் அதற்கு முன்னும் பின்னும் பொருத்துங்கள்.

பெரும்பாலான கடற்கரைகளில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடங்களுக்கு ஒருமுறை நீர் ஏறி இறங்குகிறது. ஆகவே இன்று பதினொரு மணிக்கு வற்றும் கடல் நாளை அதைவிட ஏறக்குறைய 50 நிமிடங்கள் தாமதமாகவே வற்றும். முக்கியமான செய்தி என்னவென்றால், நீர் ஒரே சீராக ஏறுவதில்லை. ஏற்றம் முழுவதையும் பன்னிரண்டு பங்காக வைத்துக்கொண்டால், முதல் மணி நேரத்தில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று என்பது கடலோடிகள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. முதல் மணி நேரத்தில் கடல் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றுவதை நம்பித்தான் பலர் நிலமுனையைச் சுற்றக் கிளம்புகிறார்கள். அவர்கள் நடுவழியை அடையும்போது நீர் மும்மடங்கு வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும்.

அங்கே சென்றதும் பாறைச் சுவரை அருகில் நின்று பாருங்கள். வெள்ளை நிறத்தில் கரடுமுரடாக ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு ஓட்டு உயிரிகளான கொட்டலசுகள் எந்த உயரம் வரை இருக்கின்றனவோ, அந்த உயரத்துக்கு நீர் வழக்கமாக ஏறி இறங்குகிறது என்று பொருள். அவை உங்கள் மார்பளவுக்கு இருந்தால், நீங்கள் நிற்கும் இடத்தில் சில மணி நேரத்தில் மார்பளவு நீர் நிற்கும். அதற்கு மேல் அலை வேறு. சுவரின் அடியில் உலர்ந்த மணல் ஒரு பிடிகூட இல்லையென்றால், பெருக்கின்போது அங்கே ஒதுங்க இடமில்லை. காலடியிலும் இதே பாறைதான் பேசுகிறது: கொட்டலசு படிந்த பகுதியில் செருப்படி பற்றும், பச்சைப் பாசி படர்ந்த பகுதியும், அலை தெறிக்கும் உயரத்தில் கறுப்பாகத் தெரியும் பட்டையும் ஈரமானால் வழுக்கும்.

நீங்கள் செல்லும் நாளின் ஏற்ற, இறக்க நேரங்களையும் உயரங்களையும் இங்கே எழுதுங்கள். சேர்ந்து கணக்குப் போடுவோம். கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தும் நாடுகளில் சில அட்டவணைகள் பழைய நேரத்தையே காட்டும் என்பதையும் கவனியுங்கள்.

இரண்டாம் பதில்

நேரக் கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நேய்ஸ்மித் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் பத்து நிமிடங்கள். அதன்படி உங்கள் 15 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரமும், 420 மீட்டர் ஏற்றத்துக்கு 42 நிமிடங்களும் ஆகும். ஆனால் அந்த விதி ஓய்வில்லாமல் நடக்கும் உறுதியான உடலுக்கும் திடமான தரைக்கும் வகுக்கப்பட்டது. உலர்ந்த மணலில் நடக்க, கெட்டித் தரையில் ஆகும் ஆற்றலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் செலவாகிறது. பாறைகளின் மேல் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்தாலே அதிகம். ஓய்வையும் சேர்த்து ஆறரை மணி நேரம் ஒதுக்குவதே நேர்மையான கணக்கு.

மணலைக் கடக்கும்போது நீர் விலகிச் சென்ற ஈரப் பட்டையிலேயே நடங்கள். கடல் இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தப் பட்டை கெட்டியாகவும் அகலமாகவும் இருக்கும். மணல்மேடுகளை ஒட்டிய உலர்ந்த பகுதியில் கூடு வைத்திருக்கும் பறவைகளையும் அப்போது மிதிக்காமல் இருப்பீர்கள்.

மூன்றாம் பதில்

நீங்கள் எண்ணியிருக்கும் அதே வரிசையில் வேறொரு கடற்கரையில் நான் நடந்திருக்கிறேன் என்பதால் இதை எழுதுகிறேன். காட்டில் எதிர்பார்த்ததைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகிவிட்டது. நிலமுனையை அடைந்தபோது நீர் ஏறத் தொடங்கி இரண்டு மணி நேரம் கடந்திருந்தது. பதினொரு கிலோமீட்டர் நடந்து வந்த பிறகு திரும்பிப் போக மனம் ஒப்பவில்லை. நகரம் கண்ணுக்கு எதிரே தெரிந்தது. முதல் வளைவைக் கடந்தேன். இரண்டாவது வளைவில் நீர் முழங்காலுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தால் முதல் வளைவும் மூழ்கியிருந்தது. நடுவில் இருந்த ஒரு பாறைத் திட்டில் ஏறி ஏழு மணி நேரத்துக்கும் மேலாக உட்கார்ந்திருந்தேன். இருட்டில், நனைந்த உடையோடு, நீர் இறங்கும் வரை. அந்தத் திட்டு இன்னும் ஒரு மீட்டர் தாழ்வாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் என்னால் நிதானமாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆபத்தான பகுதியைப் பயணத்தின் கடைசியில் வைத்தால், களைப்பும் திரும்ப மனமில்லாத நிலையும் ஒன்றுசேர்ந்து தவறான முடிவை எடுக்க வைக்கும். தொடக்கத்தில் வைத்தால், திரும்புவதற்கு இழப்பது மூன்று கிலோமீட்டர்தான். அக்காவையும் அழைத்துச் செல்கிறீர்கள். தயவுசெய்து வரிசையை மாற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அட்டவணையைப் பார்த்தேன். நாங்கள் நடக்கவிருக்கும் நாள் பௌர்ணமிக்கு மறுநாள். காலை 5:05 மணிக்கு உயரம் 4.1 மீட்டர், 11:20 மணிக்கு 0.6 மீட்டர், மாலை 5:30 மணிக்கு மீண்டும் 4.1 மீட்டர். என் பழைய திட்டப்படி சென்றிருந்தால் பெருக்கு உச்சத்தில் இருக்கும்போதுதான் நிலமுனையை அடைந்திருப்போம். மாலையில் நீர் வற்றும் வேறொரு வாரத்துக்குப் பயணத்தைத் தள்ளிவைத்தால் சூரியன் மறைவதையும் அங்கிருந்து பார்க்க முடியுமா?

முதலில் பதில் எழுதியவர்

தள்ளிவைப்பதால் பயனில்லை. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில்தான் கடல் மிக அதிகமாக ஏறி, மிக அதிகமாக வற்றுகிறது. ஒரே கடற்கரையில் அந்தப் பெரு வற்று எப்போதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் வரும். உங்கள் இடத்தில் அது முற்பகல் என்றால், மாலை ஐந்து மணிக்கு வற்றும் நாட்கள் எல்லாம் அரை நிலாவை ஒட்டியே அமையும். அப்போது நீர் இவ்வளவு தூரம் உள்வாங்காது. அடிவாரம் திறக்காமலேயே போகலாம். சூரியன் மறைவதை நகரின் கரையிலிருந்தே பாருங்கள்.

காலை 8:15 மணிக்குப் புறப்பட்டால், மணலைக் கடந்து பத்து மணிக்குள் நிலமுனையை அடைவீர்கள்; நீர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். பாறைப் பகுதியை 10:45 மணிக்குள் முடித்துவிடலாம். ஏதாவது தாமதமானாலும் 11:20 வரை கடல் உங்கள் பக்கம் இருக்கிறது. உங்கள் 3.5 மீட்டர் ஏற்றத்தில் வற்றுக்குப் பிறகு முதல் மணி நேரத்தில் 30 சென்டிமீட்டர் ஏறும், இரண்டாவதில் 60, மூன்றாவதில் 90. ஆகவே 11 மணிக்குள் நிலமுனையின் தொடக்கத்தை அடைய முடியாவிட்டால், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள். காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வலுவாக வீசினாலோ, காற்றழுத்தம் தாழ்ந்திருந்தாலோ, அட்டவணை காட்டும் உயரத்தைவிட நீர் கூடுதலாகவே நிற்கும். அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். முந்தைய இரவு கனமழை பெய்திருந்தால் ஓங்கலின் அடியில் நடக்கவே வேண்டாம், கற்கள் சரியும்.

மேலே விளிம்புப் பாதையில் புல் இருக்கும் இடமெல்லாம் தரை என்று எண்ணிவிடாதீர்கள். அலை அடியில் குடைந்த ஓங்கலில், நீங்கள் நிற்கும் புல்லுக்குக் கீழே மண் இல்லாமலும் இருக்கலாம்.

இரண்டாவதாகப் பதில் எழுதியவர்

இந்த நேரப்படி நடந்தால் காட்டுக்குள் ஒரு மணி வாக்கில் நுழைவீர்கள். மூன்று மணி நேரம் போதுமானது. அடர்ந்த மரங்களுக்குக் கீழே கைபேசி காட்டும் இருப்பிடம் பல மீட்டர் தவறக்கூடும். ஆகவே வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி வைத்திருப்பதோடு, தடம் பிரியும் ஒவ்வோரிடத்திலும் நின்று சரிபாருங்கள். வெளியே அந்தி வெளிச்சம் இருக்கும்போதே காட்டுக்குள் வேர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். நெற்றி விளக்கு ஒன்று பையில் இருக்கட்டும்.

உங்கள் அக்காவுக்கு இறக்கம் கடைசியில் வருகிறது என்பதுதான் இந்த வரிசையில் உள்ள ஒரே குறை. இரண்டு நடைக்கோல்களை எடுத்துச் செல்லுங்கள். இறங்கும்போது கோல்களின் நீளத்தைச் சற்றுக் கூட்டி, அடியைக் குறுக்கி, கோலை முதலில் ஊன்றிய பிறகு காலை வைக்கச் சொல்லுங்கள். உச்சியிலேயே இருபது நிமிடங்கள் உட்கார்ந்து ஓய்வெடுத்துவிட்டு அவரை முன்னால் நடக்க விடுங்கள். அவருடைய வேகத்தில் நீங்கள் இறங்குங்கள்.