மண் பூதம், முனி, பேரம்: வட்டம் போடுறதுல இருந்து கணக்கு முடிக்கிற வரைக்கும்

கவ்வாத்துக்கத்தி:

டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டிக் கதை ஆடுற விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். கதை நடக்கிறது இலங்கை மலையகத்துல, ஹட்டன் பக்கம் ஒரு கற்பனைத் தேயிலைத் தோட்டத்துல. குழுவுல விஸார்டும் (மந்திரவாதி) க்ளெரிக்கும் (பூசாரி) லெவல் 9. மலை உச்சியில ஒரு குகை. உள்ளே இருக்கிறது வெளியே வராம ஒரு ராத்திரி மட்டும் வாயை அடைச்சு வைக்கணும். மண் எலிமென்டல் (மண் பூதம்) ஒன்னைக் கூப்பிட்டுக் கட்டிப்போட்டா போதும்னு விஸார்ட் சொல்றார். பூதத்தைக் கூப்பிடுற கான்ஜூர் எலிமென்டல், மந்திர வட்டம் போடுற மேஜிக் சர்க்கிள், பூதத்தைக் கட்டுற பிளேனர் பைண்டிங், இந்த மூணு ஸ்பெல்லும் (மந்திரமும்) வேணுமாம். எந்த வரிசை, எந்த நிலை ஸ்லாட் (ஒரு ஸ்பெல் போட்டா ஒன்னு செலவாகும்), எவ்வளவு செலவு?

ரெண்டாவது, ஸ்டோருக்குப் (தேயிலை ஃபேக்டரிக்கு) பின்னால ஒரு முனி வச்சிருக்கேன். க்ளெரிக் அவர்கிட்ட பேரம் பேசப் போறாராம். பெர்சுவேஷனுக்கு (பேசிச் சம்மதிக்க வைக்கிற திறமைக்கு) ஒரு தடவை பகடை உருட்டி, 15க்கு மேல வந்தா சரின்னு விட்டுடலாமா? எனக்கே சப்புன்னு இருக்கு.

அறுநூறாவது சுற்று:

முதல்ல ஸ்லாட்டைப் பாருங்க. லெவல் 9ல ஆளுக்கு ஐந்தாம் நிலை ஸ்லாட் ஒன்னே ஒன்னு. கான்ஜூரும் ஐந்து, பைண்டிங்கும் ஐந்து. அதனால ஒருத்தரே ரெண்டையும் போட முடியாது. லெவல் 10க்குப் போய் ரெண்டு ஸ்லாட் கிடைச்சாலும் முடியாது. ஒரு ஆக்‌ஷனுக்கு மேல நேரம் எடுக்கிற எந்த ஸ்பெல்லும் ஓதி முடியும் வரைக்கும் கான்சென்ட்ரேஷனைப் (ஒரு நேரத்துல ஒரு ஸ்பெல்லுக்குத்தான் கொடுக்க முடியிற கவனம்) பிடிச்சுக்கும். கான்ஜூருக்கும் அது வேணும். பைண்டிங் ஓத ஆரம்பிச்ச அந்த நொடியே எலிமென்டல் கை நழுவிடும். நழுவினா மறைஞ்சு போகாது, எதிரியா மாறும். அதை நாமளா திருப்பி அனுப்பவும் முடியாது. 126 ஹிட் பாயின்ட், ஒரு சுற்றுக்கு ரெண்டு அடி, ரெண்டும் பட்டா சராசரி 28. விஸார்ட் ரெண்டாவது சுற்றைப் பார்ப்பாரா தெரியாது.

ஆக, கூப்பிடுறது விஸார்ட், கட்டுறது க்ளெரிக். பைண்டிங் க்ளெரிக் பட்டியல்லயும் இருக்கு.

வட்டம்தான் ஆரம்பம். மேஜிக் சர்க்கிள் மூன்றாம் நிலை ஸ்பெல், ஓத 1 நிமிஷம், 1 மணி நேரம் நிக்கும். நிறைய பேர் கவிழுறது இந்த இடத்துலதான். வட்டம் முடிச்சு, 1 நிமிஷம் கான்ஜூர் ஓதி, 60 நிமிஷம் பைண்டிங் ஓதினா மொத்தம் 61 நிமிஷம். வட்டம் 60லயே அணைஞ்சிடும். கடைசி ஒரு நிமிஷம் பூதத்துக்கும் உங்களுக்கும் நடுவுல ஒன்னுமே இல்லை. நான்காம் நிலை ஸ்லாட்டுல போடுங்க, 2 மணி நேரம் கிடைக்கும். இதுக்கு கான்சென்ட்ரேஷன் தேவையில்லை, ரெண்டு பேர்ல யார் வேணும்னாலும் போடலாம். புனித நீர், இல்லேன்னா வெள்ளியும் இரும்பும் பொடி பண்ணினது, 100 பொன் பெறுமதி, அது கரைஞ்சு போயிடும். ஓதும்போதே ரெண்டு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்க: ‘எலிமென்டலுக்கு’, ‘தலைகீழா’. தலைகீழ்னு சொல்லலேன்னா வட்டம் பூதத்தை உள்ளே வரவிடாம தடுக்கும். வெளியே போகவிடாம தடுக்காது.

அடுத்தது கான்ஜூர். மண்ணுக்கு மென்மையான களிமண் போதும். 10 அடி கன அளவு மண்ணைக் காட்டணும், அதுல இருந்து 10 அடிக்குள்ள பூதம் எழும்பும். 20 அடி அகல வட்டத்துக்கு வெளியே எழும்பினாலும் பதறவேண்டாம். கான்சென்ட்ரேஷன் இருக்கிற வரைக்கும் அது விஸார்ட் சொல் கேட்கும். ‘வட்டத்துக்குள்ள போ, அசையாம நில்’, அவ்வளவுதான். வட்டமே அந்தச் சொல் அறுந்தா காப்பாத்திக்கத்தான்.

கடைசியா க்ளெரிக் 1 மணி நேரம் ஓதணும். 1,000 பொன் பெறுமதியான ஒரு கல் வேணும், கட்டு விழுந்தாலும் விழாட்டியும் அது போச்சு. அந்த ஒரு மணி நேரமும் பூதம் 60 அடிக்குள்ள இருக்கணும். அதோட கை 10 அடி நீளம், அதனால வட்டத்தின் நடுவுல இருந்து 25 அடியாவது தள்ளி நிக்கச் சொல்லுங்க.

முடிவுல பூதம் தப்பிக்க கரிஸ்மா சேவ், அதாவது இருபது பக்கப் பகடை உருட்டல். அது எட்டவேண்டிய எண்தான் டிசி. க்ளெரிக்குக்கு விஸ்டம் 18னா டிசி 16. மண்ணுக்கு கரிஸ்மா 5, அதாவது கழித்தல் 3. 19, 20 விழுந்தாத்தான் தப்பும், நூத்துக்கு பத்து. நெருப்புன்னா பதினஞ்சு, தண்ணின்னா இருபது. மண்ணைத் தேர்ந்தெடுத்தது நல்ல புத்தி.

அந்த ஒரு மணி நேரமும் விஸார்ட் மேல ஒரு கீறல் விழக்கூடாது. ஒரு பாயின்ட் அடி பட்டாலும் கான்ஸ்டிடியூஷன் சேவ், டிசி 10. மழை நாள்ல அட்டை கடிச்சா கணக்குல வருமான்னு கேட்பாங்க. அதை முன்னாடியே பேசி முடிச்சிடுங்க.

தொங்கல் லயம்:

மேலே சொன்னது எல்லாம் சரி, தன் பேர்லயே இருக்கிற பிரச்சினையைத்தான் விட்டுட்டாரு. கான்ஜூர் அதிகபட்சம் 1 மணி நேரம், அதாவது 600 சுற்று. பைண்டிங்கும் 1 மணி நேரம், 600 சுற்று. ஆனா பூதம் வந்து நின்ன பிறகுதான் பைண்டிங் தொடங்க முடியும், ஏன்னா முழு நேரமும் அது எல்லைக்குள்ள இருக்கணும். எழுதினபடி வாசிச்சா, கட்டு விழுறதுக்கு ஒரு சுற்று முன்னாலயே, 6 செக்கன் முன்னால, பூதம் ஊருக்குப் போயிடும். கல்லும் போச்சு. ஸ்லாட்டைக் கூட்டினாலும் கான்ஜூரோட நேரம் நீளாது.

ரெண்டே வழி. ‘பூதம் எழும்பின அதே சுற்றுல ஓத ஆரம்பிச்சா சேர்ந்து முடியும்’னு டிஎம் (ஆட்டத்தை நடத்துறவர்) ஒரு வரி சொல்லணும். நான் அதைத்தான் சொல்வேன், 1,100 பொன்னும் ரெண்டு ஐந்தாம் நிலை ஸ்லாட்டும் செலவழிக்கிறவனை 6 செக்கனுக்காக அடிக்கக்கூடாது. இன்னொன்னு பேர் சொல்லி நேரா இழுத்து வர்ற கேட் ஸ்பெல், ஒன்பதாம் நிலை, உங்களுக்கு எட்டாது.

கட்டு விழுந்த பிறகு கான்ஜூரோட நேரமும் 24 மணி நேரமா நீளும். அப்போவும் விஸார்ட் கான்சென்ட்ரேஷன் பிடிக்கணுமான்னு எல்லா மேசையிலயும் சண்டை வரும். வேண்டாம்னு வைங்க, இல்லேன்னா விஸார்ட் தூங்கவே முடியாது. 2024 புத்தகத்துல கான்ஜூரையே மாத்திட்டாங்க, கட்டுறதுக்கு உடம்பே இல்லாத ஆவியாக்கிட்டாங்க. அதைக் கலக்காதீங்க.

அரைப்பேர்:

பேரத்துக்கு வருவோம். வேற உலகத்து உதவியாளைக் கூலிக்குக் கூப்பிடுற பிளேனர் அல்லை (Planar Ally) ஸ்பெல்லுல கூலி எழுதியிருக்கு: நிமிஷக் கணக்கு வேலைக்கு நிமிஷத்துக்கு 100 பொன், மணிக் கணக்குக்கு மணிக்கு 1,000, நாள் கணக்குக்கு நாளைக்கு 10,000, அதிகபட்சம் 10 நாள். கொஞ்சம் கூட்டிப் பாருங்க. 15 நிமிஷ வேலைக்கு 1,500. அதையே ‘ஒரு மணி நேரம்’னு சொன்னா 1,000. 10 நிமிஷத்துக்கு மேல போனா மணிக்கணக்குதான் மலிவு, 10 மணி நேரத்துக்கு மேல போனா நாள்கணக்குதான் மலிவு. விளையாடுறவங்க ஒரு வாரத்துல கண்டுபிடிச்சிடுவாங்க. ஆபத்தில்லாத வேலைன்னா பாதிக்கூலி, அதோட கொள்கைக்கு ஒத்த வேலைன்னா இன்னும் குறையும், சில நேரம் சும்மாவும் செய்யும். சாகப் போற வேலைக்கு வராது. விலை படியலேன்னா அப்படியே திரும்பிப் போயிடும், சண்டைக்கு நிக்காது. ஆறாம் நிலை ஸ்பெல், லெவல் 11 வரைக்கும் காத்திருக்கணும். ஆனா கூலி விதியை மட்டும் இப்பவே எடுத்துக்கலாம்.

இந்த ஓட்டையை அடைக்க நமக்கு செக்ரோல் (தோட்டத்து வேலைநாள் பதிவு) இருக்கே. வேலையை நேரத்துல அளக்காம பேர்ல அளங்க. ஒரு நாள் வேலை ஒரு பேர். சொன்ன அளவு முடியலேன்னா அரைப்பேர். எதை முடிச்சா முழுப்பேர்னு பேரம் பேசும்போதே எழுதி வச்சுக்கணும். காலையில பிரட்டுக்களத்துல (ஆள் கணக்கெடுக்கிற இடத்துல) வந்து நின்னு பேர் கொடுக்காத பூதத்துக்கு அன்னைக்குக் கூலி இல்லை. ரெண்டு பக்கமும் ஏமாத்த இடம் இருக்கும், அதுதான் ரசம்.

கடனைக் கைமாத்தவும் ஒரு விதி வைங்க. பழைய துண்டு முறை மாதிரி, 1921ல ஒழிச்சாங்களே, அது. தொழிலாளி பட்ட கடனைத் துண்டுல எழுதி, புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டினாத்தான் ஆள் கைமாறும். கட்டின பூதத்தை வேற மந்திரவாதிகிட்ட ஒப்படைக்கணும்னா, அதுக்கு நீங்க பாக்கி வச்ச கூலியும் வாக்கும் துண்டோட போகும். வாங்கினவன் வாசிக்காம கையெழுத்துப் போட்டா அவன் தலையெழுத்து. இந்தப் பூதங்கள் ஒரு நாள் துண்டைக் கிழிக்கக் கிளம்பினா அடுத்த கதையும் தயார்.

வாக்குல தமிழை விளையாட விடுங்க. கட்டுப்பட்ட எதிரி எழுத்துக்கு எழுத்துத்தான் கேட்கும், முடிஞ்ச இடத்துல முறுக்கும். ‘நம்மைக் காப்பாத்து’ன்னு சொன்னா அந்த ‘நாம’வுல அதுவும் அடங்கும், முதல்ல தன்னைக் காப்பாத்திக்கும். ‘எங்களை’ன்னு சொல்லணும். ‘விடியும் வரைக்கும்’னு சொன்னா, பனி மூட்டத்துல எப்போ விடிஞ்சதுன்னு யார் முடிவு பண்றது? சேவல் கூவினா, சங்கு ஊதினான்னு ஒரு சத்தத்தைக் குறிச்சு வைங்க. விளையாடுறவங்க கட்டளையை ஒரு தாள்ல எழுதி டிஎம் கையில கொடுக்கணும். எழுதினதுதான் செல்லும், ‘நான் நினைச்சது என்னன்னா’ செல்லாது. உங்க மண் எலிமென்டலுக்கு இன்டெலிஜென்ஸ் 5தான், பேசுறது டெரான் மொழி. அது முறுக்காது, முட்டாள்தனமாச் செஞ்சு முடிக்கும். அதுக்குச் சின்ன வாக்கியமாச் சொல்லுங்க.

உடுக்குச்சத்தம்:

முனி விஷயத்தை மட்டும் சொல்றேன். அவர் காவல் தெய்வம். அவரை ஃபீன்ட் (பேய் பிசாசு) பட்டியல்ல சேர்த்து வட்டம் போட்டுக் கட்டாதீங்க, மேசையில உக்காந்திருக்கிறவங்க வீட்டுல சேவல் நேர்ந்திருப்பாங்க. ஸ்டோர்ல நிஜமாவே ரோதமுனியைக் கும்பிடுறாங்க, அந்தப் பேரை வைக்காம வேற பேர் வைங்க. கட்டுறது பேய்க்கு, கேட்கிறது சாமிக்கு. இந்த ரெண்டு நடைமுறையும் வேற வேறன்னு பிரிச்சாலே உங்க விதி பாதி முடிஞ்சது.

பேய்க்கு உடுக்கடிக்காரர் பண்ற வரிசையை அப்படியே எடுத்துக்கலாம்: பேர், ஆசை, சத்தியம், அடையாளம். முதல்ல ‘நீ யாரு’, பேர் சொல்ற வரைக்கும் வேற பேச்சே இல்லை. பிறகு ‘என்ன வேணும்’. பிறகு கற்பூரத்துல கை அடிச்சு சத்தியம். கடைசியா உச்சிமுடியை முடிஞ்சு மரத்துல ஆணி. விளையாட்டுல திறமை உருட்டலா மாத்தினா, பேருக்கு அர்கேனா (மந்திர அறிவு) அல்லது ரிலிஜன் (சமய அறிவு), ஆசைக்கு இன்சைட் (மனசைப் படிக்கிறது), சத்தியத்துக்குத்தான் பெர்சுவேஷன் அல்லது இன்டிமிடேஷன் (மிரட்டுறது). அடையாளத்துக்கு உருட்டலே வேண்டாம், அது ஒரு பொருள். ஆணியை யாராவது பிடுங்கினா சத்தியம் முடிஞ்சது. பேர் தெரியாம சத்தியம் கேட்டா டிசி 5 கூட்டுங்க. ஆசையைத் தப்பாக் கணிச்சுப் படையல் வச்சா விலை ரெண்டு மடங்கு.

முனிக்கு இதுல எதுவும் இல்லை. அவருக்கு நேர்த்தி. முதல்ல வேண்டுவாங்க, காரியம் நடக்கும், பிறகு செலுத்துவாங்க. அதனால பேரத்துல ஜெயிக்கிறது சுலபம்தான், கஷ்டம் எல்லாம் பிறகு கடனைத் தீர்க்கிறதுல. 6 கட்டம் போட்ட ஒரு வட்டம் வரைங்க. நேர்த்தி செலுத்தாம ஒரு ஆட்டம் கடந்தா ஒரு கட்டம் நிரப்புங்க. 2ல கனவு, நீண்ட ஓய்வு பலிக்காது. 4ல க்ளெரிக்கோட ஹீலிங் ஸ்பெல் பாதிதான் வேலை செய்யும். 6ல முனி தன் காவலை எடுத்துக்குவார், தோட்டத்துக்குள்ள எது வேணும்னாலும் வரும். அவர் வந்து அடிக்கமாட்டார், விலகி நிப்பார், அது போதும். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கலாம், ஒரு கட்டம் அழியும், நேர்த்தி ஒரு படி கூடும்: சுருட்டும் சாராயமும் சேவலாகும், சேவல் கிடாயாகும்.

எல்லையையும் வரைஞ்சிடுங்க. அவருக்கு ஆத்துக்கு இந்தப் பக்கம்தான். ‘அந்த டிவிஷனுக்கும் வாங்க சாமி’ன்னு கேட்டா எந்த உருட்டலாலயும் வரமாட்டார், அங்க வேற ஆள் இருக்கார்.

கவ்வாத்துக்கத்தி:

பிரமாதம். முனியோட கடன் வட்டம் மட்டும் இப்போதைக்கு 4 கட்டமா வச்சுக்கிறேன், எங்க ஆட்டம் மாசத்துக்கு ரெண்டுதான். குகைக்கு ‘யாரையும் வெளியே விடாதே’ போதுமா? சாயந்தரம் நாலு மணிக்கு ஆரம்பிச்சா எப்போ வரைக்கும் நிக்கும்?

அறுநூறாவது சுற்று:

4.00க்கு வட்டம், 4.01க்கு கான்ஜூர், 4.02க்கு பைண்டிங், 5.02க்குக் கட்டு. மறுநாள் 5.02 வரைக்கும் உங்க ஆள்.

‘யாரையும்’ போதாது. அதுக்கு எலி, வௌவால், புகை எல்லாம் ‘யார்’ கணக்குல வராது. ‘குகைவாயில் நில். வாயை உடம்பால் மூடு. எதையும் வெளியே விடாதே.’ மூணு வாக்கியம். உங்க ஆள் ஒருத்தர் உள்ளே மாட்டினா அவரையும் விடாது, அதையும் யோசிச்சுக்கோங்க. அப்புறம், ‘விடியும் வரைக்கும்’னு வேலையை முடிச்சுவிட்டா, முடிஞ்ச கையோட உங்களைத் தேடி வந்து ‘முடிஞ்சது’ன்னு சொல்லி நிக்கும், பகல் முழுக்க. 16 அடி உயரப் பூதம் லயத்து வாசல்ல. அதனால நாலாவது வாக்கியம்: ‘சங்கு ஊதினதும் மண்ணுக்குள் இறங்கு, அசையாதே.’ 5.02க்கு கான்ஜூரும் சேர்ந்து முடியும், அது தானா போயிடும்.

தொங்கல் லயம்:

16 அடின்னு புத்தகத்துல இல்லை, லார்ஜ் சைஸ்னுதான் இருக்கு. மத்தபடி சரி. விஸார்டுக்கு பானிஷ்மென்ட் ஸ்பெல்லுக்கு ஒரு நான்காம் நிலை ஸ்லாட்டை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்க. நடுவுல கான்சென்ட்ரேஷன் அறுந்தா பூதத்தை விரட்ட அது உதவும்.