'கட்சித்தாவல்' வேண்டாம், வேறு சொல் தாருங்கள்

கீழக்கரை:
சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். இளங்கலை அரசியல் பாடத்தில் ஓர் இயல் திங்களன்று அச்சுக்குப் போகிறது. புதிய மக்களாட்சிகளில் வாக்காளர்கள் தேர்தலுக்குத் தேர்தல் ஏன் கட்சி மாறுகிறார்கள் என்பது பொருள். விலைவாசி, வேலையின்மை, தலைமுறை தலைமுறையாக வந்த கட்சிப் பிணைப்பு இல்லாதது என்று காரணங்கள் எழுதியாயிற்று. இந்த மாற்றத்தைக் குறிக்கும் 'எலெக்டோரல் வாலட்டிலிட்டி' என்பதற்குத்தான் தமிழில் சொல் இல்லை. 'கட்சித்தாவல்' என்றால் வகுப்பில் எந்த எம்.எல்.ஏ. என்று கேட்கிறார்கள். 1985 கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு அந்தச் சொல் அவர்கள் பெயரில் பட்டா ஆகிவிட்டது.

தொண்டி:
டீச்சர், 'வாக்குப் பெயர்ச்சி'. பெயர்தல் நல்ல பழஞ்சொல்.

பாம்பன்:
சனிப்பெயர்ச்சிக்கு அடுத்து வாக்குப் பெயர்ச்சியா காக்கா? கடலோரத்தில் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். 'வாக்கு நீவாடு' என்று வையுங்கள், மீனவப் பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம்.

கீழக்கரை:
கடலோரம் இல்லாத பரமக்குடிப் பிள்ளைக்கு விளக்க வேண்டுமே.

ராமநாதபுரம்:
முதலில் பொருளைப் பாருங்கள். டென்மார்க் அறிஞர் மோகன்ஸ் பெடர்சன் 1979இல் தந்த அளவீடு தனித்தனி வாக்காளரை எண்ணுவதே இல்லை. ஒவ்வொரு கட்சியின் வாக்கு விழுக்காடும் எவ்வளவு கூடியது, குறைந்தது என்று பார்த்து, கூட்டல் கழித்தல் குறியை விட்டுவிட்டுக் கூட்டிப் பாதியாக்குவார்கள். இங்கிருந்து ஆயிரம் பேர் அங்கே, அங்கிருந்து ஆயிரம் பேர் இங்கே என்றால் விடை பூச்சியம். ஆகவே தாவலும் பெயர்ச்சியும் பொருந்தாது. அதோடு, பல இடங்களில் கட்சியே கரைந்துபோகிறது. போலந்தில் 1997இல் வென்று ஆட்சி அமைத்த சாலிடாரிட்டி தேர்தல் கூட்டணி 2001இல் ஓர் இடம்கூடப் பெறவில்லை. அதன் தலைவர்கள் பலர் அதற்குள் புதுக் கட்சிகளுக்குப் போய்விட்டார்கள். அதே ஆண்டு பல்கேரியாவில் முன்னாள் மன்னர் சிமியோன் சில மாதங்களுக்கு முன்பு தொடங்கிய கட்சி 240இல் 120 இடங்களைப் பிடித்தது. மாறக் கூடாது என்று இருந்தவரும் என்ன செய்வார்?

தொண்டி:
அப்படிச் சொல்லுங்கள்! புறநானூறு 202இல் கபிலர் 'கட்சி காணாக் கடமா' என்கிறார். அங்கே கட்சி என்பது விலங்கு ஒதுங்கும் இடம். வேட்டுவர் விரட்ட, ஒதுங்க இடம் காணாமல் ஓடுகிறது காட்டுப்பசு. போலந்து வாக்காளருக்கும் அதே கதிதான். 'கட்சிகாணாமை' என்று வைப்போம். வெட்சி, கட்சி எதுகை பற்றித் தனி மடல் போடுகிறேன்.

பாம்பன்:
வேண்டாம் காக்கா. தேர்வில் யாராவது 'கட்சிகாணாமை' என்று எழுதினால் திருத்துபவர் சுழித்துவிடுவார்.

சாயல்குடி:
பங்குச் சந்தைக்குச் சொல்லும் 'ஏற்ற இறக்கம்' போதாதா?

ராமநாதபுரம்:
அதில் ஒரு கட்சியின் கதை மட்டும்தான் வரும். எல்லாக் கட்சியும் சேர்ந்த கணக்கு இது. 'வாக்கு அலைவு' என்று சொல்லலாம்.

சாயல்குடி:
இயற்பியலில் அலைவு ஊசலுக்கு. போனது திரும்பி வரும். போலந்துக் கூட்டணி திரும்பி வந்ததா?

கீழக்கரை:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். அளவீட்டுக்கு 'வாக்கு நிலையின்மை' என்றும், தனி ஆள் செய்வதற்கு 'வாக்காளர் கட்சிமாற்றம்' என்றும் போடுகிறேன். சலித்துப்போயாவது பெரும்பாலோர் சரி என்றுவிட்டீர்கள்.

தொண்டி:
நிலையின்மை என்றதும் பட்டினத்தார் வந்து நிற்கிறார். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். எதுகை மடல் நாளை வரும்.