7/9-இல் 4/9 போனால் 3/0 வருமாம்!

ராக்கோழி:
மகள் ஆறாம் வகுப்பு. நேற்று ராத்திரி 7/9 − 4/9 என்ற கணக்குக்கு 3/0 என்று விடை எழுதி வைத்திருந்தாள். “மேலே கழிக்கிறோம், கீழே மட்டும் ஏன் கழிக்கக்கூடாது?” என்கிறாள். பகுதி, அதாவது கீழே உள்ள எண், இரண்டிலும் ஒரே எண்ணாக இருந்தால் அதை அப்படியே வைத்து, மேலே உள்ள தொகுதியை மட்டும் கழிக்கணும் என்றேன். “அது விதி, நான் கேட்டது காரணம்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கும் காரணம் தெரியாது என்பதை அவளிடம் சொல்லவில்லை. யாராவது காப்பாற்றுங்கள்.

பழைய கணக்கு டீச்சர்:
கெட்டிக்காரப் பெண்! பேப்பரை மூடிவிட்டு, முக்காலில் கால் போனால் எவ்வளவு என்று கேளுங்கள். யோசிக்காமல் அரை என்பாள். முக்கால் என்றால் மூன்று கால்தானே? அதில் ஒரு கால் போனால் இரண்டு கால் மிச்சம், அதுதான் அரை. இங்கே ‘கால்’ என்பதை யாரும் கழிக்கவில்லை. அது துண்டின் பெயர், அவ்வளவுதான். 7/9-இல் கீழே இருக்கும் 9-உம் அப்படித்தான்: ‘ஒன்பதில் ஒரு பங்கு’ என்ற துண்டு ஏழு இருக்கிறது, நான்கை எடுத்தால் மூன்று. துண்டின் அளவு மாறவில்லையே! விடை 3/9, சுருக்கினால் 1/3. அதற்கும் மசியவில்லை என்றால், ஒரு காகிதத்தைப் பூஜ்ஜியம் சம பாகமாக மடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கடன்வாங்கி:
டீச்சர் சொன்னது சரி. ஆனால் பிள்ளைகள் நிஜமாகவே வழுக்கி விழும் இடம் கலப்புப் பின்னம். 5⅛ − 2⅜ என்று கொடுத்தால் 1-இல் 3 போகாது, கடன் வாங்கணும். என் பையன் பழக்கதோஷத்தில் பத்து வாங்கி 11/8 ஆக்கிவிட்டான். முழு ஒன்றை உடைத்தால் இங்கே எட்டுத் துண்டுதான் வரும். அதனால் 5⅛ என்பது 4-உம் 9/8-உம். அதில் 2⅜ போனால் 2-உம் 6/8-உம், அதாவது 2¾. முடித்ததும் 2¾-ஐயும் 2⅜-ஐயும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், 5⅛ வந்தால் சரி.

ராக்கோழி:
‘கால்’ வேலை செய்தது, டீச்சர். ஆனால் உடனே, “அப்போ முக்காலில் அரைக்கால் போனால்? ரெண்டும் வேற வேற பெயராச்சே?” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் விரல்விட்டு எண்ணி, “முக்கால்னா ஆறு அரைக்கால். ஒண்ணு போனா அஞ்சு. 5/8!” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். நான்தான் இன்னும் பேப்பரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.