வழக்கில் இல்லாத நாங்களும் கோர்ட்டுக்கு எழுதலாமா?

மெரிபேங்க்_காலை_ஓட்டம்:
எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் மெரிபேங்கில் ஒரு சின்ன ஓட்டக் கிளப்புக்குச் செயலாளராக இருக்கிறேன். சனிக்கிழமை ஓடி முடித்து டீ குடிக்கும்போது நம் ஓட்ட வீராங்கனை காஸ்டர் செமெனியா பேச்சு வந்தது. உடலில் இயல்பாகவே டெஸ்டோஸ்டிரோன் அதிகமுள்ள பெண்கள் அதைக் குறைத்தால்தான் சில ஓட்டங்களில் ஓடலாம் என்ற உலகத் தடகள விதியை எதிர்த்தாரே, அவர்தான். 2025 ஜூலையில் ஸ்ட்ராஸ்பர்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்த அந்த வழக்கில் நம் நாட்டு மனித உரிமை ஆணையம், ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் எல்லாம் தனித்தனியாக எழுதிக் கொடுத்திருந்தார்களாம். அதைக் கேட்டதும் எங்கள் ஆட்களுக்கு வேகம் வந்துவிட்டது. செப்டம்பர் 2025 முதல் பெண்கள் பிரிவில் உலக அளவில் ஓடுபவர்களுக்குப் பாலினத்தை அறியும் மரபணுப் பரிசோதனை வேறு வந்திருக்கிறது. நாளைக்கு நம் பிள்ளை யாராவது வழக்குப் போட்டால் நாமும் கையெழுத்து வாங்கி அனுப்பலாமே என்கிறார்கள். சம்பந்தமில்லாதவர்கள் எழுதினால் நீதிபதி படிப்பாரா? செலவு எங்கள் தலையில் விழுமா?

சாட்ஸ்வர்த்_ஸ்பின்னர்:
ஆயிரம் கையெழுத்து அனுப்புங்கள். கூட்டத்தைப் பார்த்தால் எந்த நீதிபதியும் ஒரு நிமிடம் யோசிப்பார்.

பழைய_பதிவறை:
ஸ்பின்னர் தம்பி, அது கவுன்சிலருக்கு மனுக் கொடுக்கும் முறை. நான் டர்பனில் கோர்ட் பதிவறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கையெழுத்து மூட்டையை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று எந்த விதியிலும் இல்லை.

செயலாளர் தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம் உயர் நீதிமன்றத்தில் இதற்கு விதி 16ஏ. அரசியலமைப்புப் பிரச்சினையை எழுப்புகிற தரப்பு பதிவாளரிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதை அவர் நோட்டீஸ் பலகையில் 20 நாள் ஒட்டி வைப்பார். உங்களைப் போன்ற வெளியாட்கள் பார்க்கட்டும் என்றுதான் அந்தப் பலகை. (யாரும் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.) வழக்கின் எல்லாத் தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் அமிக்கஸாக, அதாவது வழக்கில் தரப்பாக இல்லாமல் கோர்ட்டுக்கு உதவ வாதம் சொல்பவராக, உள்ளே வரலாம். சம்மதிக்காவிட்டால் கோர்ட்டிடம் அனுமதி கேட்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில் உங்களுக்கு என்ன அக்கறை, என்ன சொல்லப் போகிறீர்கள், அது மற்றவர்கள் சொல்வதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று காட்ட வேண்டும். கடைசியாகச் சொன்னதில்தான் பெரும்பாலோர் விழுவார்கள். 2002-ல் நெவிராபின் என்ற எச்.ஐ.வி. மருந்து பற்றிய வழக்கிலேயே அரசியலமைப்பு நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: தரப்பினர் சொன்னதையே திருப்பிச் சொல்ல ஆள் வேண்டாம், புதிதாக ஏதாவது இருந்தால் வாருங்கள். 2012-ல் இன்னொரு வழக்கில், அமிக்கஸ் வெறும் வாதம் மட்டுமல்ல, சாட்சியமும் தரலாம் என்று கதவைக் கொஞ்சம் அகலமாகத் திறந்தார்கள். செலவைப் பொறுத்தவரை, பொதுவாக அமிக்கஸ் வாங்குவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. ஆனால் உத்தரவு போடக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு, அதனால் வக்கீல் இல்லாமல் இறங்காதீர்கள்.

புதிதாக இருந்தால் மட்டும் போதாது, கோர்ட் முன்னால் உள்ள கேள்விக்குப் பொருந்தவும் வேண்டும். அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் டாம் பிரேடியின் வழக்கைப் பாருங்கள். 2015 ஜனவரி ஆட்டத்தில் பந்தின் காற்றைக் குறைத்ததில் அவருக்குப் பங்குண்டு என்று அந்த ஆட்டத்தை நடத்தும் லீக்கான என்.எஃப்.எல். நான்கு ஆட்டத் தடை விதித்தது. அப்பீலில் 2016 ஏப்ரலில் 2-1 என்று தடை நின்றது. மறுவிசாரணை கேட்டபோது இயற்பியல், பொறியியல் பேராசிரியர்கள் 21 பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தார்கள்: குளிரில் பந்து வெளியே கிடந்தால் அழுத்தம் தானாகவே இறங்கும், யாரும் ஊசி குத்தத் தேவையில்லை என்று. அருமையான வாதம். ஆனால் கோர்ட் பார்த்தது காற்று எப்படி இறங்கியது என்பதை அல்ல. வீரர்கள் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படி தண்டிக்க லீக்கின் தலைவரான கமிஷனருக்கு அதிகாரம் உண்டா என்பதைத்தான். ஜூலையில் மறுவிசாரணை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பீனிக்ஸ்_சட்ட_மாணவி:
அங்கிள், செமெனியா வழக்கிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. ஸ்ட்ராஸ்பர்கில் எதிர்த்தரப்பு சுவிட்சர்லாந்து அரசு. அங்கே நாடுகள் மேல்தான் வழக்குப் போட முடியும். அதனால் அந்த டெஸ்டோஸ்டிரோன் விதியைப் போட்ட உலகத் தடகள அமைப்பான வேர்ல்ட் அத்லெடிக்ஸே அங்கே மூன்றாம் தரப்பு! அதற்கு முன் சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள விளையாட்டுத் தீர்ப்பாயத்தில் செமெனியாவோடு சேர்ந்து வழக்காடித் தோற்ற நம் நாட்டுத் தடகளச் சங்கம் அத்லெடிக்ஸ் சவுத் ஆப்பிரிக்காவும் ஸ்ட்ராஸ்பர்கில் வெளியாள்தான். வெளியாள் என்றால் நடுநிலையாளர் என்று நினைக்க வேண்டாம்.

2023-ல் ஸ்ட்ராஸ்பர்கின் ஏழு நீதிபதிகள் 4-3 என்று பாகுபாடு நடந்ததாகச் சொன்னார்கள். 2025-ல் பெரிய அமர்வு அந்தப் புகாரையே எடுத்துக்கொள்ளவில்லை, அது சுவிட்சர்லாந்தின் அதிகார வரம்புக்குள் வராது என்று. 15-2 என்று அவர் ஜெயித்தது வேறொன்றில்: தீர்ப்பாயத்தின் முடிவை சுவிஸ் உச்ச நீதிமன்றம் போதுமான கண்டிப்போடு பரிசீலிக்கவில்லை, அதனால் நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்பதில். பாகுபாடு பற்றி எழுதியவர்களின் பக்கங்களுக்குக் கடைசியில் வேலையில்லாமல் போயிற்று.

பழைய_பதிவறை:
சரியாகச் சொன்னாய் அம்மா. பிரேடிக்கு நடந்ததும் அதே கதை. விளையாட்டுச் சண்டை பெரும்பாலும் நடுவர் தீர்ப்புக்குத்தான் (ஆட்ட நடுவர் அல்ல, கோர்ட்டுக்கு வெளியே தகராறைத் தீர்ப்பவர்) முதலில் போகும். அப்புறம் கோர்ட்டுக்கு வரும்போது அந்தத் தீர்ப்பை எவ்வளவு ஆழமாகக் கிளறலாம் என்பதே பாதி வழக்கு. செயலாளர் தம்பி, ஸ்ட்ராஸ்பர்கில் எழுத வேண்டுமென்றால் எதிர்த்தரப்பு நாட்டுக்கு அறிவிப்புப் போனதிலிருந்து 12 வாரத்துக்குள் அனுமதி கேட்க வேண்டும். லோசானில் தரப்பினரைக் கேட்டுவிட்டு நடுவர்கள் அனுமதிக்கலாம்.

மெரிபேங்க்_காலை_ஓட்டம்:
நன்றி ஐயா, நன்றி தங்கச்சி. அப்படியென்றால் எங்களைப் போன்ற கிளப்பிடம் புதிதாக என்னதான் இருக்கும்? நாங்கள் விஞ்ஞானியும் இல்லை, வக்கீலும் இல்லை.

பழைய_பதிவறை:
பெரிய சங்கங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். பரிசோதனை என்று சொன்னதும் எந்தப் பிள்ளை ஓட்டத்தை விட்டது, பதினாறு வயதுப் பெண்ணிடம் யார் என்ன கேட்டார்கள், தாய் தகப்பனிடம் விளக்கம் சொன்னது யார், பணம் கட்டியது யார். இதையெல்லாம் பெயர் இல்லாமல் எழுதி வையுங்கள். வழக்கு வந்தால் டர்பனில் லீகல் ரிசோர்சஸ் சென்டர் அலுவலகம் இருக்கிறது, பல்கலைக்கழகச் சட்ட உதவி மையமும் இருக்கிறது. முதலில் அங்கே காட்டுங்கள். தனியாக எழுதுவதைவிட அதே அக்கறையுள்ள பெரிய அமைப்பின் விண்ணப்பத்தோடு உங்கள் பிரமாணப் பத்திரத்தைச் சேர்ப்பது நல்லது.

சாட்ஸ்வர்த்_ஸ்பின்னர்:
அப்போ கையெழுத்து?

பழைய_பதிவறை:
அதை மந்திரிக்கு அனுப்பு தம்பி. செயலாளரே, ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே தேதி போடுங்கள், நேரில் பார்த்ததா இன்னொருவர் சொல்லிக் கேட்டதா என்றும் எழுதுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அங்கேதான் கை வைப்பார்.