இடக்குறி வைத்தபின் மூன்று பதிவுகளுக்குப் பதில் ஒன்றுதான் வருகிறது – உதவி தேவை

கேட்டவர்: வணக்கம். எண்களை நேரடியாக எழுதியிருந்த பழைய வினவலை (தரவுத்தளத்திடம் பதிவுகளைக் கேட்கும் வாசகம்), எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று இடக்குறி (மதிப்பு பின்னர் வந்து சேரும் '?' குறி) வைத்து மாற்றினேன். 'இன் (12,15,19)', அதாவது இந்த எண்களில் ஏதேனும் ஒன்று, என்று இருந்தபோது மூன்று பதிவுகளும் வந்தன. இப்போது 'இன் (?)' என்று வைத்து அதே எண்களை அனுப்பினால் 12 மட்டுமே வருகிறது, பிழைச் செய்தியும் இல்லை. இன்றே முடித்தாக வேண்டும், உதவுங்கள்.

நிரல்தேனீ: எந்தத் தரவுத்தளம், எந்த மொழி, எண்களை எந்த வடிவில் அனுப்புகிறீர்கள் என்று சொல்லவில்லையே?

பின்னிரவு: இது கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) சிக்கலாகத்தான் இருக்கும். சர்வரை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

மூத்த_உறுப்பினர்: ஒரு இடக்குறிக்கு ஒரு மதிப்பு என்பது முதல் பாடம். அதைப் படித்துவிட்டு வந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

கேட்டவர்: தரவுத்தளம் மைஎஸ்கியூஎல், மொழி பிஎச்பி, இரண்டையும் இணைப்பது பிடிஓ. அர்ரேயை (எண்களின் பட்டியல்) இம்ப்ளோட் செய்து, அதாவது காற்புள்ளியிட்டு ஒன்றாக இணைத்து, அனுப்புகிறேன்.

நிரல்தேனீ: காரணம் அதுதான். நீங்கள் அனுப்புவது மூன்று எண்கள் அல்ல, '12,15,19' என்ற ஒரே சரம் (எழுத்துத் தொடர்). அதை எண் நெடுவரிசையோடு ஒப்பிடும் மைஎஸ்கியூஎல், முதல் காற்புள்ளியிலேயே நின்று 12 என்று எடுத்துக்கொள்கிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் என்றால் அங்கேயே பிழை காட்டியிருக்கும்; ஓசையின்றித் தவறான விடை வருவதைவிட அது எவ்வளவோ மேல். அர்ரேயில் எத்தனை மதிப்புகளோ அத்தனை கேள்விக்குறிகளை உருவாக்கி, 'இன் (?,?,?)' என்று வினவலை அமைத்து, அர்ரேயை அப்படியே, வினவலை இயக்கும் எக்ஸிகியூட்டுக்குக் கொடுங்கள்.

பின்னிரவு: எண்கள்தானே, இன்ட் (முழு எண்) ஆக மாற்றி நேரடியாகவே எழுதிவிடலாம். நிலையான வினவல்தான் வேகம்.

மூத்த_உறுப்பினர்: தவறு. ஒருமுறை பிரிப்பேர் செய்ததை (தரவுத்தளம் முன்கூட்டியே ஆயத்தமாக்கிய வினவலை) மீண்டும் மீண்டும் இயக்குவதே வேகம்.

நிரல்தேனீ: மைஎஸ்கியூஎல்லுக்கு பிடிஓ இயல்பாகவே எமுலேஷனில் (பிரிப்பேர் செய்வதுபோல் பாவனை செய்யும் முறை) இயங்குகிறது, மதிப்புகளைத் தானே வினவலில் பொருத்தி முழு வாசகமாக அனுப்புவதால், நீங்கள் சொல்லும் வேகம் இவருக்குக் கிடைக்காது. எமுலேஷனை அணைத்தாலும், பிரிப்பேர் செய்தது அந்த இணைப்பு முடியும்வரைதான் இருக்கும். இடக்குறியின் முதன்மைப் பயன் பாதுகாப்பு: இன்று எண் வரும் இடத்தில் நாளை பயனர் தட்டச்சு செய்த சொல் வந்தாலும் அது வினவலின் பகுதியாக மாறாது. ஆனால் நெடுவரிசைப் பெயருக்கு இடக்குறி உதவாது. 'ஆர்டர் பை ?' என்று எழுதினால் மாறாத ஒரு சரத்தை வைத்து வரிசைப்படுத்தச் சொன்னதாகிவிடும். அங்கே அனுமதித்த பெயர்களின் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே பெயரைச் சேர்க்க வேண்டும்.

கேட்டவர்: மூன்றும் வந்துவிட்டன, நன்றி. அர்ரே காலியாக இருந்தபோது மட்டும் பிழை வந்தது.

நிரல்தேனீ: 'இன் ()' என்பதை மைஎஸ்கியூஎல் ஏற்காது. அர்ரே காலியா என்று முதலில் பார்த்து, காலியென்றால் வினவலை இயக்காமலே வெற்று விடையைத் திருப்பி அனுப்புங்கள்.