டாப்ளர் ஸ்கேனில் மறக்க முடியாத நொடி: உங்களுக்கு எது?

அரைத்தூக்கம்:
31ஆவது வாரம். ரத்த அழுத்த மாத்திரை, குழந்தைக்கு வளர்ச்சிக் குறைவு, அதனால் டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன். தொப்புள்கொடித் தமனியின் ஓட்டம் திரையில் காட்டும் அலை எப்படி இருக்க வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்: இதயம் ஓய்வெடுக்கும்போதும் ஓட்டம் அறுபடக் கூடாது. என் திரையில் மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே வெறும் கறுப்பு. “குழந்தை மூச்சசைவு செய்கிறது, அடங்கட்டும்” என்றார் மருத்துவர். எவ்வளவு ஆசையாக நம்பினேன்! அடங்கியது. கருவியை மறுபடி வைத்தார். அதே கறுப்பு. அன்றே அட்மிஷன், ஸ்டீராய்டு ஊசி, பிறகு சிசேரியன். மகன் நன்றாக இருக்கிறான். எனக்குத்தான் அந்தத் திரை போகமாட்டேன் என்கிறது.

இரட்டையர் அம்மா:
எனக்கு ஒரே நஞ்சுக்கொடியில் இரட்டையர், இரு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். ஒருமுறை பெரியவளின் அலை சீராக வந்தது. சின்னவளுடையது சில துடிப்புகளுக்கு இருந்தது, சிலவற்றுக்கு இல்லை. அறைக்குள் யாரும் பேசவில்லை. கர்ப்பிணிகள் எல்லோருக்குமே மாதாமாதம் டாப்ளர் எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

பொறுமைசாலி:
எடுக்கக் கூடாது என்பேன். ஆபத்து அதிகமுள்ள கர்ப்பங்களில் தொப்புள்கொடி டாப்ளர் சிசு மரணத்தைக் குறைக்கிறது. ஆபத்தில்லாதவர்களுக்கு வழக்கமாக எடுப்பதில் அப்படிப் பலன் தெரியவில்லை. வீண் பயம்தான் மிச்சம். என் மனைவிக்குக் கருப்பைத் தமனியில் ரத்த ஓட்டத்துக்குத் தடை அதிகம் என்று 12ஆவது வாரத்திலேயே கண்டு, இரவுதோறும் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். குழந்தை நலமாகப் பிறந்தது, அவ்வளவுதான் எங்கள் கதை. ஆனால் எல்லோரும் ஒன்று செய்யுங்கள். ‘டாப்ளர் சரியில்லை’ என்ற ஒற்றை வரியோடு வீட்டுக்கு வராதீர்கள். எந்தத் தமனி, அந்த வாரத்துக்கு பி.ஐ. எண் (ஓட்டத்துக்கு எவ்வளவு தடை என்று காட்டும் எண்) எந்த அளவில் இருக்கிறது, மறுமுறை எப்போது என்று கேளுங்கள். 32 வாரத்துக்குப் பிறகு தொடங்கும் வளர்ச்சிக் குறைவில் தொப்புள்கொடி ஓட்டம் இயல்பாகவே இருக்கக்கூடும். மூளையின் நடுத் தமனியையும் பார்த்தார்களா என்று விசாரியுங்கள். அதில் தடை குறைந்திருந்தால், சிசு மற்ற உறுப்புகளைப் பட்டினி போட்டு மூளைக்கு ரத்தத்தைத் திருப்புகிறது என்று பொருள். அசைவு குறைந்தால், நேற்றைய ஸ்கேன் நன்றாக இருந்தது என்று படுத்துக்கொள்ளாதீர்கள். உடனே போங்கள்.

நெகடிவ் ரத்தம்:
ஐயா, ஆலோசனை கேட்டவர் யாரும் இல்லை. சொன்னதிலும் பாதி விட்டுப்போயிற்று. அதே மூளைத் தமனியில் எங்களுக்குப் பார்த்தது தடையை அல்ல, வேகத்தை. என் ரத்தத்தின் எதிர்ப்பொருள்கள் குழந்தையின் சிவப்பணுக்களை அழித்துக்கொண்டிருந்தன. ரத்தசோகை வந்தால் ரத்தம் நீர்த்து வேகமாக ஓடும். அந்த வாரத்துக்குரிய நடுமதிப்பைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் ஆபத்து. கோணம் தப்பினால் வேகம் தப்பாகக் காட்டும் என்று மருத்துவர் திரும்பத் திரும்ப அளந்தார். ஒவ்வொரு முறையும் எண் கோட்டுக்கு மேலேதான். தொப்புள்கொடி வழியாக உள்ளேயே ரத்தம் ஏற்றினார்கள். அடுத்த ஸ்கேனில் வேகம் இறங்கியிருந்ததைப் பார்த்து, என்னைவிட முதலில் அழுதது என் கணவர்.