தனியாக உடுத்திக்கொள்ள முடிகிற தினசரி உடை: 64 வயதுக்கு என்ன வாங்கலாம்?

உறையூர் டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 64 வயது. திருச்சி உறையூர். முப்பத்து மூன்று வருஷம் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மகனும் மருமகளும் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். அதற்கப்புறம் சாயங்காலம் வரை வீட்டில் நான் மட்டும்தான்.

போன கார்த்திகையில் மாடிப்படியில் விழுந்து வலது தோளில் அடி. எலும்பு முறியவில்லை, ஆனால் தோள் இறுகிவிட்டது. பிசியோதெரபிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். கை காது உயரம் வரைக்கும்தான் எழும்புகிறது, முதுகுப் பக்கம் போகவே மாட்டேன் என்கிறது. என்னிடம் இருக்கும் ரவிக்கை அத்தனையும் பள்ளிக்கூடம் போன காலத்தில் தைத்தவை. முழங்கை வரை இறுக்கிப் பிடிக்கிற கை. அதற்குள் வலது கையை நுழைப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. மருமகள் மாட்டிவிடுகிறேன் என்றுதான் சொல்கிறாள், நல்ல பெண். ஆனால் அவள் சமையலை முடித்து, குளித்து, ஏழே முக்காலுக்குப் பஸ்ஸைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் இந்த ஆறு மாதமாக நாள் முழுக்க நைட்டிதான். காஸ் சிலிண்டர் வந்தால் மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு கதவைத் திறக்கிறேன். இந்தத் தெருவில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். அவர்கள் என்னை இப்படிப் பார்த்ததே இல்லை. பால் பூத்துக்குப் போவதைக்கூட விட்டுவிட்டேன்.

போன மாதம் ஒரு பெரிய கடைக்குப் போனேன். "யாருக்கும்மா?" என்று கேட்டார்கள். "எனக்குத்தான்" என்றதும், விரித்து வைத்திருந்த கலரையெல்லாம் மடித்துவிட்டு, சாம்பலும் மண் கலரும் பொடிப்புள்ளியுமாக எடுத்துப் போட்டார்கள். எனக்கு மாம்பழ மஞ்சள் பிடிக்கும், இலைப் பச்சை பிடிக்கும், அரக்கு பிடிக்கும். காட்டன் என்று சொல்லி 850 ரூபாய்க்குக் கொடுத்த புடவையைச் சித்திரை வெயிலில் கட்டினேன். முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் இரண்டு சுடிதார் அனுப்பியிருக்கிறாள். சுடிதார் போட்டுக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் டாப் முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடுகிறது, பக்கத்து வெட்டு இடுப்பு வரைக்கும் ஏறியிருக்கிறது. தலை வழியாக மாட்டவும் கை தூக்க முடியவில்லை.

யாருடைய உதவியும் இல்லாமல் நானே உடுத்திக்கொண்டு வெளியே போக வேண்டும். கோயில், பாங்க், ஓய்வூதிய நேர்காணல், அவ்வளவுதான் என் போக்குவரத்து. எந்தப் புடவை, எப்படித் தைத்த ரவிக்கை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதுரை தையல்

அம்மா, நான் மதுரையில் 22 வருஷமாகத் தைக்கிறேன். உங்களை மாதிரி தோள் இறுகியவர்களுக்கு நிறையத் தைத்திருக்கிறேன்.

முதலில், பழைய ரவிக்கையை அளவுக்குக் கொடுக்காதீர்கள். நேரில் போய் உடம்பளவு கொடுங்கள். நின்றபடி ஒரு தடவை, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தடவை எடுக்கச் சொல்லுங்கள். உட்காரும்போது மார்புக்குக் கீழே எவ்வளவு கூடுகிறது என்று அப்போதுதான் தெரியும்.

கையை லூசாக வைக்கச் சொன்னால் பல பேர் ஆர்ம்ஹோலை, அதாவது கையை இணைக்கிற வளைவை, கீழே இறக்கி வெட்டிவிடுவார்கள். அது தப்பு. இறக்கி வெட்டினால் நீங்கள் கையைக் கொஞ்சம் தூக்கினாலே ரவிக்கை முழுசும் மேலே ஏறும். ஆர்ம்ஹோல் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அக்குளில் மூன்று அங்குலச் சதுரத் துண்டு ஒன்றைக் குறுக்காக வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். கையைத் தொங்கவிட்டால் அது மடிந்து உள்ளே போய்விடும், வெளியே தெரியாது. தூக்கும்போது விரிந்து இடம் கொடுக்கும். கைத்துணியை கிராஸில், அதாவது மூலைவாட்டில், வெட்டினால் இன்னும் நல்லது, இழுத்தால் சற்று நீளும். கைக்கு லைனிங் வேண்டாம். இரண்டு துணி ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு நுழையவே விடாது.

துணி 2x2 ரூபியா என்கிற ரவிக்கைத் துணி எடுங்கள். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, அப்புறம் வெட்டக் கொடுங்கள். இல்லையென்றால் தைத்தபிறகு சுருங்கி மறுபடியும் அதே கதைதான். முன்பக்கம் பெரிய சைஸ் கொக்கி ஐந்து போதும், நூல் கண்ணிக்குப் பதில் உலோக வளையம். தடவிப் பார்த்தே மாட்டிவிடலாம். பட்டன் மாதிரி அமுக்குகிற பிரஸ் பட்டன் வேண்டாம், குனிந்தால் திறந்துகொள்ளும்.

பழைய ரவிக்கைகளையும் தூக்கிப் போடாதீர்கள். தையலுக்கு உள்ளே மடித்து விட்ட துணி இருந்தால் பிரித்து, அக்குள் துண்டு வைத்துவிடலாம்.

வார்டு நர்ஸ்

மாட்டும்போது வலிக்கிற கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில் எடுங்கள். எங்கள் வார்டில் எல்லோருக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுப்போம். கட்டிலில் உட்கார்ந்து, கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு கைத்துணியை அதன்மேல் ஏற்றுங்கள். தோளைத் தூக்கவே வேண்டியதில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பாவாடை நாடா. தினமும் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டினால் தோல் கறுத்து, அரித்து, புண்ணாகும். அப்படி ஆறாத புண் புற்றாக மாறிய இரண்டு பெண்களைப் பற்றி 2024-இல் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் என்ற மருத்துவ இதழில் வந்தது. அரிதுதான், பயப்பட வேண்டாம். ஆனால் இடுப்பில் ஆறாத புண் இருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். நாடாவுக்குப் பதில் இரண்டு அங்குல அகலப் பட்டி வைத்த பாவாடை தைத்துக்கொள்ளலாம். முன்னால் கொக்கி, பின்னால் மட்டும் எலாஸ்டிக். முழுக்க எலாஸ்டிக் என்றால் கொசுவத்தின் கனத்தில் முன்பக்கம் கீழே இறங்கும்.

நூல் கணக்கு

டீச்சரம்மா, நான் சின்னாளப்பட்டிக்காரன், கைத்தறிச் சங்கத்தில் கணக்கு எழுதினவன். கடையில் காட்டன் என்று சொன்னால் அதோடு விடாதீர்கள். முந்தானை ஓரத்தில் நீளவாட்டில் ஓடுகிற பாவு நூல் ஒன்று, குறுக்கே ஓடுகிற ஊடை நூல் ஒன்று உருவித் தரச் சொல்லுங்கள். இரண்டையும் தனித்தனியாகக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகி மணி மாதிரி கெட்டியாகும். ஒன்றை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது, கலப்பு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும்.

நூலில் எண் கூடக் கூட மெலிசு. தினசரிக்கு 80 அல்லது 100 எடுங்கள். செட்டிநாட்டுக் கண்டாங்கி அழகு, ஆனால் கனம். உங்கள் தோளுக்கு இப்போது வேண்டாம். சுங்குடி சரியாக இருக்கும். மெலிசு, கொசுவம் சொன்னபடி கேட்கும், நீங்கள் கேட்ட மஞ்சளும் அரக்கும் பச்சையும் சுங்குடியின் சொந்தக் கலர்கள். மதுரையில் சௌராஷ்டிரர்கள் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த புடவை அது. 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது பெரும்பாலும் மெழுகு அச்சு வைத்து எங்கள் ஊரிலும் செய்கிறார்கள். முதல் தடவை கல் உப்புத் தண்ணீரில் தனியாக ஊறவையுங்கள். கஞ்சி போடாதீர்கள், விறைத்தால் செருகக் கஷ்டம்.

அப்புறம், உறையூரிலேயே நெய்கிற புடவை இருக்கும்போது பெரிய கடைக்கு ஏன் போனீர்கள்? சங்கத்தில் கேட்டுப் பாருங்கள். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளி சமயம் 30 சதவீதத் தள்ளுபடி உண்டு.

தாம்பரம் பாட்டி

டீச்சர், நான் உங்களைவிட ஆறு வயது மூத்தவள். மூட்டு வலியால் 62-இல் சுடிதாருக்கு மாறினேன். முதல் நாள் காய்கறிக் கடைக்குப் போகத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பூக்காரம்மா மட்டும் "படியேற வசதியா இருக்காக்கா?" என்று கேட்டாள். வசதியாகத்தான் இருந்தது.

மகள் அனுப்பியதை வீணாக்காதீர்கள். கழுத்திலிருந்து கீழ் வரை முன்பக்கம் வெட்டி, பட்டி வைத்து, பட்டன் போடச் சொல்லுங்கள். சட்டை மாதிரி மாட்டலாம், தலை வழியாக வேண்டாம். பக்கத்து வெட்டை இடுப்புக்குக் கீழே ஒரு சாண் வரை தைத்து மூடலாம். நீளம் போதாததற்கு அதே பேண்ட் கலரில் கீழே ஒரு பார்டர். புதிதாகத் தைத்தால் 46 அங்குல நீளம் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு பாக்கெட் கட்டாயம் வேண்டும், கண்ணாடியும் சாவியும் போட. பாக்கெட் இல்லாமல் எப்படி அத்தனை வருஷம் இருந்தேன் என்று தெரியவில்லை.

உறையூர் டீச்சர்

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

எங்கள் தெரு தையல்காரப் பெண்ணுக்கு அக்குள் துண்டு புரியவில்லை. மதுரைத் தம்பியோ தங்கையோ எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். நோட்டுத் தாளில் வெட்டி, மடித்துப் பார்த்துப் புரிந்துகொண்டாள். முதல் ரவிக்கையில் துண்டு சின்னதாகிப்போனது, பிரித்து மறுபடி வைத்தாள். இரண்டாவது சரியாக வந்தது. மூன்று தைத்தாயிற்று.

வெள்ளிக்கிழமை அவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனபிறகு, கட்டிலில் உட்கார்ந்து வலது கையை முதலில் விட்டேன். கைத்துணி முழங்கையைத் தாண்டி ஏறியது, வலிக்கவில்லை. ஐந்து கொக்கியும் நானே. மஞ்சள் சுங்குடி, அரக்குக் கரை. பின்பக்கம் செருகத்தான் கை போகவில்லை. சுற்றை முன்னாலேயே செருகிவிட்டுப் பாவாடையோடு சேர்த்துப் பின்னால் திருப்பிக்கொண்டேன். இருபது நிமிஷம் ஆனது.

வெக்காளியம்மன் கோயில் வரை நடந்தே போனேன். அங்கே அம்மனுக்கு மேற்கூரை கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெயில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. முதுகில் புடவை ஒட்டவில்லை. திரும்பி வரும்போது பால் பூத்தில் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பையன், "டீச்சர், ஊருக்குப் போயிருந்தீங்களா?" என்று கேட்டான்.

சுடிதாருக்கும் பட்டன் வைக்கக் கொடுத்திருக்கிறேன். தாம்பரம் அக்கா, பாக்கெட் வலது பக்கமா, இடது பக்கமா? எனக்கு இடதுதான் சரிப்படும் என்று நினைக்கிறேன்.